அவளுக்கு என்ன வேண்டும் என்று கதை கேட்டதா?

சினிமாவில் பதின்பருவப் பெண்களும் இளம்பெண்களும் ஏன் திரும்பத் திரும்ப அதே நாலைந்து அச்சுகளில் வருகிறார்கள், வெறும் பொழுதுபோக்குதானே, அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது, மாற்றாக எதைப் பார்க்கலாம் என்பது கேள்வி. கடைசிப் பகுதிக்குப் பதில் சொல்வது எளிது. முதல் பகுதிதான் நீளும்.

இந்தப் பேச்சை எடுத்தாலே பட்டியல் போட்டுவிடுவார்கள். கண்ணாடி போட்ட படிப்பாளி, பள்ளிக்கூடத்து அழகு ராணி, துறுதுறுப்பான வாயாடி, திமிர் பிடித்த பணக்காரி, கதாநாயகிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே நிற்கும் குண்டுத் தோழி. பட்டியல் சரிதான். ஆனால் ஆண் பாத்திரங்களுக்கும் அச்சு உண்டே? முரடன், அப்பாவி, புத்தகப்புழு எல்லாம் அச்சில் வந்தவர்கள்தான். வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பையன்களுக்கு ஓர் ஆசை இருக்கும். ஜெயிக்க வேண்டும், ஊரைவிட்டு வெளியேற வேண்டும், அப்பாவிடம் பேர் வாங்க வேண்டும், குறைந்தபட்சம் அந்தப் பெண்ணைக் காதலிக்க வேண்டும். கதை அந்த ஆசையின் பின்னால் ஓடும். பெண்ணுக்கோ குணத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவள் அடக்கமானவள், அல்லது அடங்காதவள். வெகுளி, அல்லது வஞ்சகி. எதை நோக்கிப் போகிறாள் என்று கேட்டால் திரைக்கதையில் பதில் இருக்காது. என் பார்வையில் கோளாறு தொடங்கும் இடம் இதுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

மேக்கோவர் கதையை எடுத்துக்கொள்வோம். யாரும் திரும்பிப் பார்க்காத பெண். கண்ணாடியைக் கழற்றி, முடியைத் திருத்தி, புது உடுப்பு மாட்டிவிட்டால் மாடிப்படியில் தேவதையாக இறங்கி வருவாள். 1999-இல் வந்த 'ஷீஸ் ஆல் தட்' இதற்குப் பாடப்புத்தகம். பள்ளியின் பிரபலமான பையன் ஒருவன், எந்தப் பெண்ணையும் தன்னால் அழகு ராணி ஆக்கிவிட முடியும் என்று பந்தயம் கட்டுகிறான். அவன் கையில் சிக்கும் பெண் ஓவியம் வரைகிறவள். படத்தில் நமக்கு நினைவில் நிற்பது எது? ஓவியமா? சிவப்பு உடுப்பில் அவள் படியிறங்கும் காட்சிதான். இத்தனைக்கும் அந்த நடிகை கண்ணாடியோடும் அழகாகத்தான் இருந்தார். அதைப் பார்க்காததுபோல் படத்தில் உள்ள எல்லோரும் நடிக்க வேண்டியிருந்தது, பாவம். 1985-இன் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்திலும் இதே வேலைதான். கறுப்பு மையும் கலைந்த முடியுமாக, படத்தின் ஐந்து மாணவர்களில் மிகவும் சுவாரஸ்யமாக இருந்த பெண்ணை இன்னொரு பெண் உட்காரவைத்து மையைத் துடைத்து, முகத்தைத் திருத்திவிடுகிறாள். உடனே பையன் கவனிக்கிறான். அதற்கு முன் அவள் சொன்னவை, வரைந்தவை எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை.

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலம் என்று பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தைச் சொல்வார்கள். 1913-இல் மேடையேறியது. அதைத் திரும்பப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பூ விற்கும் எலைசா தானாகவே பேராசிரியர் வீட்டுக்கு வந்து, கட்டணம் தருகிறேன், பேசக் கற்றுக்கொடு என்று கேட்கிறாள். தெருவில் விற்காமல் ஒரு பூக்கடையில் வேலைக்குச் சேர வேண்டும், அதற்கு நல்ல உச்சரிப்பு வேண்டும். ஆசை அவளுடையது, கணக்கும் அவளுடையது. மேடையில் நாடகத்தைக் காதல் கதையாக முடிக்கப் பார்த்தார்கள் என்பதால், எலைசா பேராசிரியரைக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டாள் என்று ஷா பின்னுரையே எழுதவேண்டி வந்தது. நகல் எடுத்த படங்கள் உருமாற்றத்தை எடுத்துக்கொண்டு, பூக்கடையை விட்டுவிட்டன.

அடுத்தது நமக்கு மிகவும் பழக்கமான ஆள்: லூசுப் பொண்ணு. மழையைக் கண்டால் குதிப்பாள், முன்பின் தெரியாதவரிடம் வம்பு வளர்ப்பாள், உலகம் எப்படி நடக்கிறது என்றே அறியாமல் ஹீரோவின் வாழ்க்கைக்குள் வந்து விழுவாள். வயது இருபதைத் தாண்டியிருக்கும், பேச்சு ஆறு வயதுக்குரியதாக இருக்கும். அந்தக் குரல்கூடப் பல நேரம் நடிகையுடையது இல்லை. மொழி தெரியாத நடிகைக்கு டப்பிங் கலைஞர் ஒருவர் கொஞ்சலைச் சேர்த்துப் பேசியிருப்பார். ஹாலிவுட்டில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. 2005-இல் வந்த 'எலிசபெத்டவுன்' படத்தில், வாழ்க்கை வெறுத்துப்போன நாயகனை மீட்பதற்கென்றே வரும் விமானப் பணிப்பெண்ணைப் பற்றி எழுதும்போது, நாதன் ராபின் என்ற விமர்சகர் 2007-இல் இந்த வகைக்கு 'மேனிக் பிக்ஸி ட்ரீம் கேர்ள்' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு எந்தப் பெண் பாத்திரம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தாலும் அந்த முத்திரையைக் குத்தத் தொடங்கிவிட்டார்கள். 2014-இல் அவரே, இந்தச் சொல்லை உருவாக்கியதற்கு வருந்துகிறேன் என்று எழுதினார்.

அவளைக் குழந்தையாக வைத்திருப்பதில் படத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. உடல் பெரியவளுடையது, மனது சிறுமியுடையது என்றால் ஹீரோவுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவனைவிட அதிகம் தெரிந்தவளாக அவள் ஆகிவிட மாட்டாள், அவனை எடைபோட மாட்டாள், 'எனக்கு இது வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போக மாட்டாள். அவளுக்கு அம்மா, வேலை, கடன், பழைய காதல் எதுவும் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் கதையின் கவனம் அவள் பக்கம் சாய்ந்துவிடும். இந்த அச்சை உள்ளிருந்தே உடைத்த பாத்திரமும் உண்டு. 2004-இன் 'எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்' படத்தில் கேட் வின்ஸ்லெட், நிறைய ஆண்கள் தன்னை ஒரு கருத்துருவாகவே பார்க்கிறார்கள், தான் வந்து அவர்களை முழுமையாக்குவேன் என்று நம்புகிறார்கள், தானோ தன் மனநிம்மதியைத் தேடி அலைகிற ஒரு பெண் மட்டும்தான் என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவார். ராபின் பெயர் வைப்பதற்கு மூன்று வருடம் முன்பே! 2009-இல் வந்த '(500) டேஸ் ஆஃப் சம்மர்' படத்தில் நாயகி, தனக்கு உறவு எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்கிறாள். அதைக் காதில் வாங்காதவன் நாயகன். ஆனாலும் படம் பார்த்த பலர் அவளையே வில்லியாக்கினார்கள். பார்வையாளர் பழக்கம் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது.

சரி, ஆசையே இல்லாத பெண்ணைப் பார்த்தோம். ஆசை இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'படையப்பா' நீலாம்பரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1999-ஆம் ஆண்டுப் படம். படித்தவள், பணக்காரி, தனக்குப் பிடித்தவனைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவள். எதிரில் வசுந்தரா, பேசவே தயங்குகிற, கண்ணைத் தாழ்த்துகிற பெண். பரிசு யாருக்குப் போகும் என்று கேட்கவே வேண்டாம். நீலாம்பரி 18 வருடம் தன்னை அறைக்குள் பூட்டிக்கொண்டு, கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிறாள். அவள் கொடுமைகள் செய்கிறாள், மறுக்கவில்லை. ஆனால் படம் அவளை முதலில் குற்றவாளியாக்குவது கொடுமைகளுக்காக அல்ல, நடைக்கும் உடைக்கும் குரலுக்கும். கொடுமைகள் அப்புறம் வந்து அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்கின்றன. இதில் தமாஷ், இத்தனை வருடம் கழித்தும் ரசிகர்கள் கொண்டாடுவது நீலாம்பரியைத்தான். ரம்யா கிருஷ்ணனின் நடிப்பு ஒரு காரணம். படத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரே பெண் அவள் என்பது இன்னொரு காரணம்.

நல்லவள், கெட்டவள் என்று ஜோடி போடும் இந்த வழக்கம் பள்ளிப் படங்களில் இன்னும் மலிந்து கிடக்கிறது. 'மீன் கேர்ள்ஸ்' (Mean Girls, 2004) அதில் தப்பித்த படம் என்று நினைக்கிறேன். பெண்பிள்ளைகளின் கூட்டணிகள், ஒதுக்கிவைத்தல், வதந்தி பற்றி ரோசலிண்ட் வைஸ்மன் பெற்றோருக்காக எழுதிய, கதையல்லாத ஒரு நூலில் இருந்து உருவானது. அதனால்தான் அதில் கொடுமைக்காரிக்கும் ஒரு வீடு, ஒரு விநோதமான அம்மா, ஒரு பயம் எல்லாம் இருக்கின்றன. அதைப் பார்த்து எடுத்த படங்கள் மூன்று பேர் ஒரே நிற உடையில் ஸ்லோ மோஷனில் நடந்து வருவதை மட்டும் எடுத்துக்கொண்டன.

திகில் படங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கேரல் க்ளோவர் என்ற ஆய்வாளர் 1987-இல் ஒரு கட்டுரையில் 'கடைசிப் பெண்' என்ற பாத்திரத்தை அடையாளம் காட்டினார்: காதல், குடி என்று திரிகிற தோழிகள் வரிசையாகச் சாக, ஒழுங்கானவள் மட்டும் தப்பிப்பாள். 1996-இன் 'ஸ்க்ரீம்' அந்த விதியைப் படத்துக்குள்ளேயே பேசிக் கிண்டலடித்து, அதை மீறிய பெண்ணையும் உயிரோடு விட்டது. அதன்பிறகு அந்த விதியை நேராக நம்பி யாரும் எடுப்பது கடினமாகிவிட்டது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறோர் இடத்தில். அவள் வேண்டாம் என்கிறாள்; படம் அதை 'இன்னும் முயற்சி செய்' என்று எடுத்துக்கொள்கிறது. பின்தொடர்வது, பேருந்தில் வழிமறிப்பது, தோழியிடம் நம்பர் பிடுங்குவது, எல்லாவற்றுக்கும் பின்னணியில் துள்ளல் இசை. இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுவாள். இது நம் சினிமாவின் தனிச்சொத்து என்று நினைக்க வேண்டாம். 1984-இன் 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' படத்தில், குடித்து நினைவு தப்பிய தன் காதலியை ஒரு பையன் இன்னொருவன் பொறுப்பில் காரில் அனுப்பிவைக்கிறான். அது நகைச்சுவை என்று வைத்திருந்தார்கள். அந்தப் படத்திலும் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்'பிலும் நடித்த மாலி ரிங்வால்ட் 2018-இல் 'தி நியூ யார்க்கர்' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்'பைத் தன் மகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு, தனக்குப் பெயர் வாங்கித்தந்த படங்களில் நெருடிய காட்சிகளைப் பற்றி. அந்தப் படங்களை அவர் தூக்கி எறியவில்லை. பலருக்கு அவை ஆறுதலாக இருந்தன என்பதையும் சேர்த்தே எழுதினார். விமர்சனம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அவள் சம்மதம் கதைக்குத் தேவைப்படாததற்கும் கேமரா வேலை செய்யும் விதத்துக்கும் தொடர்பு இருக்கிறது. 1975-இல் லாரா மல்வி 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள், நாம் அவன் கண்வழியாக அவளைப் பார்க்கப் பழக்கப்படுகிறோம். கட்டுரை கடினமான உளப்பகுப்பாய்வு மொழியில் இருக்கும். ஆனால் எந்தக் கதாநாயகி அறிமுகக் காட்சியையும் ஷாட் ஷாட்டாக எண்ணிப் பார்த்தால் போதும். ஹீரோ திரும்புகிறான். வெட்டு. பாதம், கொலுசு, இடுப்பு, கூந்தல், கடைசியில் முகம். வெட்டு. ஹீரோவின் வாய் திறந்திருக்கிறது. அவள் அப்போது எங்கே போய்க்கொண்டிருந்தாள்? காட்சி சொல்வதில்லை. அவளுக்குப் பதினாறு வயது என்று கதை சொன்னாலும் கேமரா அதே வேலையைத்தான் செய்கிறது.

அந்த வயது விஷயமும் விசித்திரமானது. 'கிரீஸ்' (1978) படத்தில் பள்ளி மாணவியாக நடித்தபோது ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு 28 வயது, ஸ்டாக்கார்ட் சேனிங்குக்கு 33. சிறார்களை வைத்துப் படம்பிடித்தால் வேலை நேரக் கட்டுப்பாடு, படிப்பு ஏற்பாடு என்று சட்டங்கள் இருப்பதால், பெரியவர்களைப் போடுவது தயாரிப்புக்குச் சௌகரியம். விளைவு, பருக்களும் பல் கம்பியும் தடுமாற்றமும் இல்லாத ஒரு பதினேழு வயதை நிஜப் பதினேழு வயதுப் பெண் பார்த்து, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறாள். இதற்கு நேர் எதிரும் நடந்திருக்கிறது. 'மூன்று முடிச்சு' (1976) வந்தபோது ஸ்ரீதேவிக்கு 13 வயது. அதில் ரஜினிகாந்துக்குச் சித்தியாக நடித்தார். ஒரு பக்கம் பெரியவர்கள் சிறுமியாகிறார்கள், மறுபக்கம் சிறுமி பெரியவளாகிறாள். அந்த வயதுக்குரிய முகம் மட்டும் திரையில் இருப்பதில்லை.

ஏன் இப்படி என்றால், எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பது முதல் பதில். உண்மைதான், ஆனால் போதாது. பெண்கள் எழுதி இயக்கினாலும் விற்கிறவர்கள் வேறு ஆட்கள். 2009-இல் டியாப்லோ கோடி எழுதி கேரின் குசாமா இயக்கிய 'ஜெனிஃபர்ஸ் பாடி' இரண்டு பெண்களின் சிக்கலான நட்பைப் பற்றியது. அதை இளைஞர்களுக்கான கவர்ச்சித் திகில் என்று நாயகி மெகன் ஃபாக்ஸின் உடலைக் காட்டி விளம்பரம் செய்தார்கள். எதிர்பார்த்து வந்த பையன்களுக்கு ஏமாற்றம். வந்திருக்க வேண்டிய பெண்கள் வரவே இல்லை. படம் விழுந்தது. சில வருடங்கள் கழித்துப் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள்.

இன்னொன்று, இளம்பெண்களின் ரசனையையே மட்டமாக நினைக்கும் பழக்கம். 1960-களில் பீட்டில்ஸைப் பார்த்து அலறிய பெண்களைக் கேலி செய்தவர்கள், பிறகு அதே இசையை மேதைமை என்றார்கள். 'டைட்டானிக்'கைத் திரும்பத் திரும்பப் பார்த்த சிறுமிகளும், 'ட்வைலைட்' வாசலில் வரிசையில் நின்ற சிறுமிகளும் பட்ட கேலி கொஞ்சமா? 'ட்வைலைட்' கதையில் எனக்கும் ஆயிரம் புகார் உண்டு. ஆனால் கார்களை மோதவிட்டு ரசிக்கும் பையன்களை யாரும் அந்த அளவுக்குச் சீண்டுவதில்லை.

பொழுதுபோக்குதானே என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு படத்தைப் பார்த்து யாரும் கெட்டுப்போவதில்லை. ஆனால் பதின்மூன்று வயதில், நட்பு, காதல், மறுப்பு எல்லாம் எப்படி நடக்கும் என்று நேரில் தெரியாத வயதில், நூறு படங்கள் ஒரே ஒத்திகையை நடத்திக் காட்டினால் அது கொஞ்சம் படியத்தான் செய்யும். பெண்ணுக்கு மட்டுமல்ல, மறுப்பை அழைப்பாகப் படிக்கப் பழகும் பையனுக்கும்தான். அவனுக்கு ஆகும் சேதத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

அளந்து பார்க்க பெக்டெல் சோதனை இருக்கிறதே என்பீர்கள். அலிசன் பெக்டெல் 1985-இல் ஒரு சித்திரக்கதைத் துணுக்கில் நகைச்சுவையாக வைத்தது: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், ஆணைப் பற்றி அல்லாத ஒன்றைப் பேச வேண்டும். யோசனையைத் தோழி லிஸ் வாலஸிடம் இருந்து எடுத்ததாகவும் அங்கேயே குறித்திருந்தார். ஓர் ஆண்டில் வரும் படங்களை மொத்தமாக எண்ணிப் பார்க்க நல்ல கருவி. தனிப் படத்துக்குத் தீர்ப்பு சொல்ல உதவாது. சான்ட்ரா புல்லக் கிட்டத்தட்டத் தனியாகச் சுமந்த 'கிராவிட்டி' இதில் தேறாது. இரண்டு பெண்கள் சேர்ந்து உடை வாங்கும் காட்சி உள்ள ஏதாவதொரு அபத்தப் படம் தேறிவிடும்.

பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் பெண் பாத்திரத்தை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சண்டை போடுவாள், ஆனால் தோழிகள் இருக்க மாட்டார்கள், 'நான் மற்ற பெண்களைப் போல இல்லை' என்று ஒரு வசனம் இருக்கும், குழம்ப மாட்டாள், தோற்க மாட்டாள். அதுவும் குணம்தான், ஆசை இல்லை. பயந்தாங்கொள்ளியாக, பொறாமைக்காரியாக, சோம்பேறியாக இருக்கும் உரிமை பையன்களுக்குத் திரையில் எப்போதும் இருந்திருக்கிறது. 2025-இல், பள்ளி வயதுப் பெண்ணின் காதலைக் காட்டிய வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' டீசர் வந்ததுமே எழுந்த கூச்சலைப் பாருங்கள். பள்ளி வயதுப் பையனின் காதலும் காமமும் தமிழ்த் திரையில் எத்தனையோ முறை வந்திருக்கின்றன. அந்த அளவு கூச்சல் எழுந்ததில்லை.

இனி, எதைப் பார்க்கலாம் என்பது. பழையதில் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978). ஸ்ரீபிரியாவின் மஞ்சு யாருக்கும் எளிதில் பிடித்துப்போகிற பெண் இல்லை, படமும் அவளைப் பிடிக்கவைக்க முயலவில்லை. பெண் விடுதலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் நாயகன் கடைசியில் அதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருவது, முற்போக்கு ஆண்களுக்கு அந்தக் காலத்திலேயே விழுந்த சூடு. பதின்பருவத்தின் வாசலில் நிற்கும் சிறுமியின் கதை என்றால் ஹைஃபா அல்-மன்சூரின் 'வஜ்தா' (2012). ரியாத்தில் வாழும் ஒரு பெண்ணுக்கு சைக்கிள் வேண்டும். அவ்வளவுதான் கதை, அந்த ஆசை ஒன்றே முழுப் படத்தையும் இழுத்துப் போகிறது. தெருவில் ஆண்களோடு நின்று இயக்க முடியாததால், இயக்குநர் வேனுக்குள் இருந்தபடி வாக்கி டாக்கியில் பல காட்சிகளை எடுத்தார். 'மஸ்டாங்' (2015) வீட்டுக்குள் பூட்டப்பட்ட ஐந்து சகோதரிகளைப் பற்றியது. துருக்கியின் ஒரு கிராமத்தில் நடக்கிறது. 'லேடி பேர்ட்' (2017) படத்தில் இரண்டு காதலர்கள் வந்து போகிறார்கள், ஆனால் படம் அம்மாவுக்கும் மகளுக்கும் இடையில் நடக்கிறது. மாதவிடாயைக் கூச்சமில்லாமல் பேசும் அனிமேஷன் வேண்டுமென்றால் டோமி ஷியின் 'டர்னிங் ரெட்' (2022).

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் நான் 'எய்ட்த் கிரேடு' (2018) என்பேன். ஆண் இயக்கியது, போ பர்னம். நடித்த எல்ஸி ஃபிஷர் நிஜமாகவே பதின்பருவச் சிறுமி; பருக்களை மறைக்கவில்லை, திக்கித் திணறுகிற பேச்சைத் திருத்தவில்லை. கெய்லா என்ற அந்தப் பெண், தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று வீடியோ போடுகிறாள். பார்க்கத்தான் ஆளே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு நண்பர் கிடைத்தால் போதும். காருக்குள் ஒரு பெரிய பையன் எல்லை மீறப் பார்க்கும்போது அவள் முடியாது என்கிறாள். சொல்லிவிட்டு அவனிடமே மன்னிப்பும் கேட்கிறாள். அந்த மன்னிப்பை எழுதத் தெரிந்தவர் இந்த வயதைக் கவனித்திருக்கிறார். அமெரிக்காவில் இதற்கு 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்ற சான்றிதழ் கொடுத்தார்கள்; யாரைப் பற்றிய படமோ அவர்களே தனியாகப் போய்ப் பார்க்க முடியாத நிலை. வெளியிட்ட நிறுவனம் அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒவ்வொரு மாநிலத்திலும் வயதுக் கட்டுப்பாடு இல்லாத இலவசக் காட்சி நடத்தியது. வீட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணோ பையனோ இருந்தால் சேர்ந்து பார்க்கலாம். அந்தக் கார் காட்சி வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.